நிமாய் கோஷ்: சியால்தா முதல் கோடம்பாக்கம் வரை

நிமாய் கோஷ் (1914–1988) இயக்கிய முழுநீளக் கதைப்படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வங்காளியில் ‘சின்னமூல்’ (1950), தமிழில் ‘பாதை தெரியுது பார்’ (1960), ‘சூறாவளி’ (1981). தொழிலால் அவர் ஒளிப்பதிவாளர், பிழைப்பும் அதில்தான். சோவியத் சினிமா இந்தியாவில் உருவாக்கிய முதல் தலைமுறைக் கலைஞர்களில் ஒருவர். அந்தச் சினிமாவின் தாக்கத்தைக் கோடம்பாக்கத்துக்கு நேரடியாகக் கொண்டுவந்தவரும் அவரே. சத்யஜித் ராயின் படப்பிடிப்புகளைக் காலமெல்லாம் புகைப்படம் எடுத்து 2020இல் மறைந்த இன்னொரு நிமாய் கோஷும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் ஒருவர் செய்ததை மற்றவர் கணக்கில் எழுதும் குழப்பம் இன்றும் நடக்கிறது. இருவருக்கும் உறவு, பெயரும் ஊரும் மட்டுமே.

1940களின் கல்கத்தாவில் சினிமாவை விட நாடகம் சூடாக இருந்தது. 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் வங்காளக் கிராமங்கள் காலியாகி, மக்கள் நகரத்தின் நடைபாதைகளில் மடிந்தார்கள். அதை மேடைக்குக் கொண்டுவந்தது பிஜன் பட்டாச்சார்யா எழுதிய ‘நபான்னா’ (1944). இந்திய மக்கள் நாடக மன்றம் (இப்டா) அதை ஊர் ஊராக நடத்தியது. கம்யூனிஸ்ட் கட்சியின் பண்பாட்டு அணியாக வளர்ந்த அந்த மன்றத்தின் வட்டத்தில்தான் நிமாய் கோஷும் இருந்தார். 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கியபோது அதிலும் அவர் பங்கு கொண்டார். சங்கத்தின் முதல் திரையிடல் ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொடெம்கின்’.

அந்த இளைஞர்களைக் கவர்ந்தது சோவியத் படங்களின் கொள்கை மட்டும் அல்ல, தொழில்நுட்பமும்தான். புரட்சிக்குப் பின் 1919இல் லெனின் அரசு சினிமாவை நாட்டுடைமையாக்கியது. அதே ஆண்டில் மாஸ்கோவில் சினிமாவுக்கென்றே ஒரு பள்ளியும் திறக்கப்பட்டது. பிலிம் சுருள் கிடைக்காத நெருக்கடியில், அங்கே பாடம் நடத்திய குலெஷோவ் பழைய படங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தார். தனித்தனியாக எடுத்த துண்டுகளை எந்த வரிசையில் ஒட்டுகிறோமோ அதற்கேற்ப அர்த்தம் மாறுகிறது என்று கண்டார். அவருடைய மாணவர்களில் ஒருவர் வேதியியல் படித்துவிட்டு, முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்து மீண்ட வ்செவலோத் புடோவ்கின் (1893–1953). மக்சிம் கார்க்கியின் நாவலைத் தழுவி 1926இல் அவர் எடுத்த ‘தாய்’ படத்தில் தொழிலாளர் ஊர்வலம் வரும் கட்டம் பாடப்புத்தகம் போல் உலகெங்கும் அலசப்பட்டது. கொடிகளோடு கூட்டம் நடந்து வருகிறது, இடையிடையே ஆற்றின் பனிப்பாளங்கள் உடைந்து நகர்கின்றன, மறுபடி கூட்டம், மறுபடி பனி. வசனம் எதுவும் இல்லாமலேயே கொட்டகையில் இருப்பவருக்கு விஷயம் விளங்கிவிடும். அதே நாவல் தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் தமிழ் இடதுசாரிகளின் வீட்டுப் புத்தகமானது. படத்தைப் பார்த்தவர்கள் இங்கே மிகக் குறைவு.

‘சின்னமூல்’ பிரிவினையைப் பற்றிய படம். கிழக்கு வங்காளக் கிராமம் ஒன்று அப்படியே பெயர்ந்து கல்கத்தாவுக்கு வந்து சேருவதுதான் கதை. கதாநாயகன் ஸ்ரீகாந்தன் சிறையில் இருக்கிறான். கர்ப்பிணியான அவன் மனைவி ஊராரோடு புறப்படுகிறாள். ஊரைவிட்டுக் கிளம்ப மறுத்து வீட்டுத் தூணைக் கட்டிக்கொண்டு அழும் கிழவியை, படம் பார்த்தவர்கள் எவரும் மறக்கவில்லை. ஒப்பனை கிடையாது. அன்றைய படங்களுக்கு உயிர்நாடி என்று கருதப்பட்ட பாட்டும் ஆட்டமும் கிடையாது. சியால்தா ரயில் நிலையக் காட்சிகளில் நடைமேடையில் மூட்டை முடிச்சுகளோடு படுத்துக் கிடப்பவர்கள் நிஜமான அகதிகள். செட் போட்டு எடுக்கும் பழக்கத்தில் ஊறிய ஸ்டூடியோக்காரர்களுக்கு இது படமாகவே தோன்றியிருக்காது. பிஜன் பட்டாச்சார்யா நடித்தார். நடிகராகவும் உதவி இயக்குநராகவும் வேலை செய்த இளைஞரின் பெயர் ரித்விக் கட்டக்.

படம் முடிந்த பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. நட்சத்திரமும் பாட்டும் இல்லாத படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வரவில்லை. இந்த இடத்தில்தான் புடோவ்கின் கதைக்குள் வருகிறார். அவரும் ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’யாக நடித்துப் புகழ்பெற்ற நிகலாய் செர்காசவும் 1951 தொடக்கத்தில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார்கள். கல்கத்தாவில் ‘சின்னமூல்’ பார்த்த புடோவ்கின் அதை வெகுவாகப் பாராட்டினார். சோவியத் ஒன்றியம் படத்தை வாங்கித் தன் நாட்டில் திரையிட்டது. சொந்த ஊரில் ஒழுங்காக ஓட முடியாத படம், மொழி தெரியாத தேசத்தின் கொட்டகைகளில் ஓடியது. இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. வங்கப் பஞ்சத்தைப் பற்றி கே.ஏ. அப்பாஸ் இயக்கிய ‘தர்த்தி கே லால்’ (1946) சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போயிருந்தது. 1954இல் போன ராஜ் கபூரின் ‘ஆவாரா’வை 6 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள் என்பது சோவியத் கணக்கு. அதில் பாட்டு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரசே படம் எடுத்து, அரசே கொட்டகை நடத்தும் அமைப்பு அங்கிருந்து வந்த விருந்தினருக்குச் சும்மா கிடைத்த வரம் அல்ல. 1946இல் கட்சியின் மத்தியக் குழு நிறைவேற்றிய ஒரு தீர்மானம், புடோவ்கினின் ‘அட்மிரல் நகீமவ்’ வரலாற்றைத் திரித்துவிட்டது என்று கண்டித்தது. அவர் படத்தைத் திருத்தி எடுத்துக் கொடுத்த பிறகே அது வெளிவந்தது. செர்காசவ் ஜாராக நடித்த ‘இவான்’ இரண்டாம் பாகமும் அதே தீர்மானத்தில் அடிபட்டு, ஸ்டாலின் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு 1958இல்தான் வெளியே வந்தது. கல்கத்தா இயக்குநருக்குக் கொட்டகை கிடைக்கவில்லை. மாஸ்கோ இயக்குநருக்குக் கொட்டகை நிச்சயம், படம்தான் அவருடையதாக இருக்குமா என்பது சந்தேகம். இந்தியாவில் சோவியத் சினிமாவை நேசித்தவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பற்றி அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

‘சின்னமூல்’ பெயரைக் கொடுத்தது, சோறு போடவில்லை. 1950களில் நிமாய் கோஷ் சென்னைக்கு வந்தார். அவருடைய உதவியாளராக இருந்த கட்டக் 1952இல் எடுத்து முடித்த ‘நாகரிக்’ படம் வெளியானது 1977இல், அதாவது கட்டக் இறந்ததற்கு அடுத்த ஆண்டு. கல்கத்தாவிலேயே இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அன்றைய சென்னை, தெற்கின் நான்கு மொழிகளுக்கும் படம் செய்யும் தொழில் நகரம். வடபழனியிலும் கோடம்பாக்கத்திலும் ஸ்டூடியோ தளங்கள் இரவு பகலாக ஓடின. நடிகரின் கால்ஷீட்டை வைத்தே எல்லாம் நடந்தது. அவர் எப்போது வருகிறாரோ அப்போது வெளிச்சம் போட லைட்மேன் தயாராக இருக்க வேண்டும். வேலை நேரத்துக்கு வரம்பு இல்லை, கூலிக்குக் கணக்கு இல்லை, பேட்டா வந்தால் வந்தது. படம் பாதியில் நின்றால் பாக்கியும் அதோடு நின்றது. சோவியத் படங்களில் தொழிலாளியைத் திரையில் பார்த்து நெகிழ்ந்த ஒருவர், திரைக்குப் பின்னால் இருந்த தொழிலாளியைத் தினமும் பார்க்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய பிற்கால வேலையின் திசையைத் தீர்மானித்தது இதுதான்.

சென்னையில் அவருக்குத் துணை கிடைத்தது தமிழகக் கம்யூனிஸ்ட் வட்டாரம். 1951இல் இயக்குநர் கே. சுப்ரமணியமும் என்.எஸ். கிருஷ்ணனும் சோவியத் நாடு போய்வந்திருந்தார்கள். அதே ஆண்டில் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிலையம் ரஷ்ய நூல்களை மலிவு விலையில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. 1952இல் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்து, ‘சைக்கிள் திருடர்கள்’ போன்ற இத்தாலியப் படங்களோடு சோவியத் படங்களையும் காட்டியது. இந்த வட்டாரத்தில் இருந்தவர்களில் முக்கியமான ஒருவர் எம்.பி. சீனிவாசன் (1925–1988). சித்தூரில் பிறந்தவர், கட்சி ஊழியர், சேர்ந்திசையில் பித்துக்கொண்டவர். சோவியத் அரசின் சமாதானப் பரிசு பெற்ற சைபுதீன் கிச்சுலுவின் மகள் ஜாஹிதாவை மணந்தவர். இன்னொருவர் தென்னார்க்காட்டுக்காரரான எழுத்தாளர் ஜெயகாந்தன்.

தென்னார்க்காடு மாவட்டத்தில் இடதுசாரி எண்ணம் வேர்பிடித்ததற்கு ரயில் ஒரு காரணம். விழுப்புரம் பெரிய ஜங்ஷன். சென்னைக்கும் திருச்சிக்கும் காட்பாடிக்கும் புதுச்சேரிக்கும் தடங்கள் பிரியும் இடம். ரயில்வே தொழிலாளர் சங்கம் வலுவாக இருந்த ஊர்களில் கட்சியும் இருந்தது. இங்கிருந்து வளவனூர், சின்னபாபு சமுத்திரம் வழியாகப் புதுச்சேரி போகும் தடத்தின் மறுமுனையில் பிரெஞ்சு ஆட்சியின் பஞ்சாலைகள். 1936 ஜூலை 30 அன்று 8 மணி நேர வேலை கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர் 12 பேர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வ. சுப்பையா தலைமையிலான அந்த இயக்கத்தின் செய்தி எல்லைச் சாவடியோடு நின்றுவிடவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு வந்து சேர்ந்தது விழுப்புரத்து மாமா வீட்டுக்கு. பாரதியையும் பொதுவுடைமையையும் அந்த மாமாதான் பையனுக்கு அறிமுகம் செய்தார். 1946இல் சென்னை போன ஜெயகாந்தன் கட்சி அலுவலகத்திலேயே தங்கி, ‘ஜனசக்தி’ அச்சகத்தில் வேலை பார்த்து வளர்ந்தார். அதே விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன் 1952இல் ‘பராசக்தி’யில் அறிமுகமாகி, நட்சத்திர சினிமாவின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

‘பாதை தெரியுது பார்’ இந்த நண்பர்கள் பணம் போட்டு, குமரி பிலிம்ஸ் என்ற பெயரில் உருவாக்கிய படம். கதை ஆர்.கே. கண்ணன். இயக்கம் நிமாய் கோஷ். எம்.பி. சீனிவாசன் இசையமைத்த முதல் படம் இதுதான். தொழிலாளர் வாழ்க்கையும் சங்கமும் கதையின் நடுவில் இருந்தன. கதாநாயகன் கே. விஜயன் புதுமுகம். எல். விஜயலட்சுமியும், சேவா ஸ்டேஜ் நாடகக் குழுவை நடத்திய எஸ்.வி. சகஸ்ரநாமமும் உடன் நடித்தார்கள். பாடல்களைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன் ஆகியோர் எழுதினார்கள். பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபரில் 29 வயதில் இறந்துபோனதால் தன் பாட்டைத் திரையில் பார்க்கவில்லை.

படத்தின் வலிமை பாட்டில்தான் இருந்தது என்பது ஒருவகை வேடிக்கை. பாட்டே இல்லாமல் ‘சின்னமூல்’ எடுத்தவரின் தமிழ்ப் படத்தை இன்று நினைவில் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதன் பாடல்களுக்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். வானொலி அவற்றை விடாமல் ஒலிபரப்பியது. பி.பி. ஸ்ரீனிவாசும் எஸ். ஜானகியும் பாடிய ஜெயகாந்தனின் பாட்டு, எழுதியவர் யார் என்று தெரியாதவர்களின் வாயிலும் புழங்கியது. சமரசம் என்று இதைச் சிலர் கருதலாம். ஆனால் தமிழ் ரசிகனுக்குப் பாட்டு, கதைக்கு வெளியே ஒட்டிய அலங்காரம் அல்ல. தெருக்கூத்திலிருந்து நாடகத்துக்கும் நாடகத்திலிருந்து சினிமாவுக்கும் பாட்டின் வழியாகத்தான் அவன் வந்தான். நிமாய் கோஷ் அதைப் புரிந்துகொண்டார் என்றே சொல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் தமிழுக்கு வெள்ளிப்பதக்கம் ‘பார்த்திபன் கனவு’க்குப் போனது. அடுத்த இடத்துக்கான தகுதிச் சான்றிதழ் ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு. கமல்ஹாசன் குழந்தை நட்சத்திரமாக அறிமுகமான ‘களத்தூர் கண்ணம்மா’ அதற்கும் அடுத்துதான் வந்தது.

வசூல் வேறு கதை. தமிழ்ப் படம் ஏரியா ஏரியாவாக விற்கப்பட்டது. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தது என்.எஸ்.சி. ஏரியா. விழுப்புரமும் வளவனூரும் திண்டிவனமும் அதில் அடக்கம். நட்சத்திரத்தின் பெயரைச் சொன்னால் படம் முடியும் முன்பே ஏரியாக்காரர் முன்பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் படமே முடிந்தது. புதுமுக நாயகனும் வங்காளி இயக்குநரும் கொண்ட படத்துக்கு அந்த வாசல் மூடியிருந்தது. பெட்டி முதலில் நகரத்துக் கொட்டகைக்குப் போகும், பிறகு ஜங்ஷன் ஊர்களுக்கு. கடைசியாக, பிரிண்டில் கோடு விழுந்து மழை பெய்யும் நிலையில், சிற்றூர்களின் டூரிங் டாக்கீஸுக்கு வரும். கீற்றுக்கொட்டகை, மணல் குவித்து உட்காரும் தரை டிக்கெட், ஒரே ஒரு புரொஜெக்டர், சுருள் மாற்றுவதற்காக மூன்று நான்கு இடைவேளை. முதல் சுற்றில் ஓடாத படத்தின் பெட்டி இந்தக் கடைசிப் படி வரை வருவதே இல்லை. யாரைப் பற்றி எடுக்கப்பட்டதோ அவர்கள் உட்காரும் தரைக்கு அந்தப் படம் போய்ச்சேராததற்கு இந்த ஏற்பாடே போதுமானது. தணிக்கையோ அரசாங்கமோ தேவைப்படவில்லை. கட்சிக்கும் மாநாட்டு மேடையும் தட்டியும் இருந்ததே தவிர, கொட்டகை இருந்ததில்லை.

ஜெயகாந்தன் அடுத்த முயற்சியைத் தானே செய்தார். சேரியில் வாழும் தங்கம் என்ற பெண், அவளுடைய மகன் சிட்டி, அவள் சேர்ந்து வாழும் கிளி ஜோசியக்காரன் மாணிக்கம் ஆகிய மூவரையும் சுற்றிய தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையை 1965இல் படமாக இயக்கினார். இதில் பாட்டே கிடையாது. பின்னணிக்கு வீணை வித்வான் சிட்டிபாபு இசையமைத்தார். இந்திய அளவிலான விருதுகளில் ‘சாருலதா’, ‘ஹகீகத்’ இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது சிறந்த படமாக இதற்குச் சான்றிதழ் கிடைத்தது. கொட்டகைகள் இதற்கும் திறக்கவில்லை. 1966இல் நாகேஷை வைத்து ‘யாருக்காக அழுதான்’ எடுத்தார். 1964இல் கட்சி பிளவுபட்ட காலத்திலேயே அவர் அதைவிட்டு விலகிக்கொண்டிருந்தார். சோவியத் நாட்டின் மீதிருந்த பற்று மட்டும் விலகவில்லை. தன் திரையுலகக் கசப்புகளை ‘ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்’ நூலில் அவர் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

நிமாய் கோஷ் கேமராவுக்குத் திரும்பினார். அதோடு சங்க வேலையிலும் இறங்கினார். ஒளிப்பதிவாளர், இசைக்கலைஞர், லைட்மேன், ஒப்பனைக்காரர் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனிச் சங்கம் அமைத்து, அவற்றை ஒரே கூரைக்குக் கீழ் இணைக்கும் யோசனையை அவரும் எம்.பி. சீனிவாசனும் முன்னின்று நிறைவேற்றினார்கள். அப்படிப் பிறந்ததுதான் இன்று பெப்சி என்று எல்லோரும் சொல்லும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். வேலை நேரத்துக்கு வரம்பு, கூலிக்கு விகிதம், நின்றுபோன படத்தின் பாக்கியை யாரிடம் கேட்பது என்பதற்கு ஒரு முகவரி எல்லாம் இதன் வழியாக வந்தன. எதிர்ப்புக்குக் குறைவில்லை. சங்கம் பேசுகிறவர்களுக்கு அடுத்த படத்தில் வேலை கொடுக்காமல் இருப்பது முதலாளிக்கு மிக எளிது. சீனிவாசனுக்குத் தமிழில் வாய்ப்புகள் குறைவாகவே வந்தன. மலையாளம் அவரை வரவேற்றது. 1961இல் கே.ஜே. யேசுதாஸ் திரைக்காகப் பாடிய முதல் பாட்டு அவர் இசையில் பதிவானது. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’ படங்களுக்கும் அவரே இசை. 1971இல் அவர் தொடங்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு பல மொழிகளில் பாடியது. சங்கக் கூட்டங்களுக்கு வந்த பலர் அதிலும் பாடினார்கள்.

ஒளிப்பதிவாளராக நிமாய் கோஷின் கைத்திறனை நன்றாகக் காட்டும் படம் ஜி.வி. ஐயரின் கன்னடப் படமான ‘ஹம்சகீதே’ (1975). சித்ரதுர்க்கத்து இசைக்கலைஞர் ஒருவரின் கதை. பாறைகளும் கோட்டைச் சுவர்களும் இயற்கை வெளிச்சத்தில் வரும். ஸ்டூடியோ விளக்குகளின் பளபளப்பு எங்கும் இல்லை. எம். பாலமுரளிகிருஷ்ணாவுக்குப் பின்னணிப் பாடகருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்ததும் இந்தப் படமே. 1981இல் வந்த ‘சூறாவளி’ அதிகம் பேசப்படவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், ‘பாதை தெரியுது பார்’ கதாநாயகன் கே. விஜயன் இயக்குநராகி, சிவாஜியின் 200வது படமான ‘திரிசூலம்’ எடுத்து வசூலில் கொடிகட்டிப் பறந்தார்.

1988 மார்ச் 9 அன்று எம்.பி. சீனிவாசன் லட்சத்தீவில் காலமானார். நிமாய் கோஷ் மறைந்ததும் அதே ஆண்டில். மூன்று ஆண்டுகளில் சோவியத் ஒன்றியம் கலைந்தது. இந்தியப் படங்களை அரசே மொத்தமாக வாங்கும் வழக்கமும் அதோடு முடிந்தது. தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிந்து, விழுப்புரமும் வளவனூரும் புதிய மாவட்டத்தில் சேர்ந்தன. சினிமா வியாபாரத்தில் மட்டும் அவை இன்னும் என்.எஸ்.சி. ஏரியாதான்.